கை வேர்க்கிறவள்

பூங்கனிக்குக் கை வேர்க்கும். சித்திரை வெயிலில் எல்லோருக்கும் வேர்ப்பதைப்போல அல்ல. மார்கழி விடியலில், ஊரே போர்வைக்குள் முடங்கிக் கிடக்கும்போதும் அவள் உள்ளங்கை நனைந்திருக்கும். வேறு வேலைக்குப் போயிருந்தால் இது ஒரு குறையே இல்லை. வயலில் இறங்குகிறவளுக்கும் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவளுக்கும் கை ஈரமாக இருந்தால் யாருக்கு என்ன? அவள் போய்ச் சேர்ந்த இடம் அப்படிப்பட்டதல்ல.

கருங்கல் சந்தைக்குக் கிழக்கே, மிஷன் வளாகத்தின் மதிலோடு சேர்ந்து ஓடு வேய்ந்த நீளக் கட்டடம் ஒன்று இருந்தது. ரேந்தைப் புரை என்று ஊரில் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்துச் சபைகளின் பெண்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து, மடியில் வைக்கோல் திணித்த தலையணையை வைத்துக்கொண்டு, நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகளை இடதும் வலதுமாக மாற்றிப் போட்டு ரேந்தை பின்னுவார்கள். சீமையில் மணப்பெண்ணின் முக்காட்டுக்கு ஓரம் கட்டுகிற வெள்ளை லேஸ். சில நாட்களில் ஒருத்தி விரல் அகலம்தான் பின்னியிருப்பாள். அந்த விரல் அகலத்தில் ஒரு கறுப்பு விழுந்தாலும் துண்டு தள்ளுபடி.

வேலைக்கு வருகிற பெண்ணுக்கு முதல் வாரம் ஒரு சாண் பின்னக் கொடுத்து, அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது வழக்கம். புரையை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணியை எல்லோரும் மிஸ்ஸியம்மா என்று அழைத்தார்கள். பூங்கனி பின்னியதை அவள் தூக்கிப் பார்த்தபோது அது அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பூங்கனியின் அம்மா மிஸ்ஸியம்மாவின் முன்னால் நின்று கெஞ்சினாள். கடைசியில், பின்னி முடித்த ரேந்தையை அலசிக் கஞ்சி போட்டு, பலகையில் ஊசி குத்திக் காயவைத்து, நீலத்தாளில் சுருட்டுகிற வேலை கிடைத்தது. கை எந்நேரமும் தண்ணீரில் கிடக்கிற வேலை. வேர்ப்பது யாருக்கும் தெரியாது.

பின்வாசலில் இருந்த அந்த அலசும் தொட்டியடியிலேயே அவள் வளர்ந்தாள். கல்யாணம் முடிந்தது, ஒரு மகள் பிறந்தாள், மறுபடியும் தொட்டியடிக்கு வந்தாள். புரைக்குள் இருந்த பெண்கள் அவளை உறவாகவும் வைத்துக்கொள்ளவில்லை, பகையாகவும் நினைக்கவில்லை. தொட்டி, பலகை, பூங்கனி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம் ஈஸ்டர் கழிந்ததும் மிஸ்ஸியம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. சீமைக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புரையை யாரிடம் விட்டுப் போவாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஜெயபாய் இருந்தாளே. எந்தப் பின்னலையும் ஒரு முறை பார்த்தால் போதும், மறுநாள் அவள் தலையணையில் அது ஏறியிருக்கும். வாயும் அப்படித்தான், யாரையும் விடாது. மிஸ்ஸியம்மா புறப்படுகிற அன்று காலை ஜெயபாய் பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஜெபம் முடிந்தது. மிஸ்ஸியம்மா சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு வரிசைகளின் நடுவே நடந்தாள். ஜெயபாயைத் தாண்டிப் பின்வாசல்வரை போய், தொட்டியடியில் நின்றவளிடம் நீட்டினாள்.

"இந்தச் சாவிகள் இனிமேல் பூங்கனியிடம் இருக்கும். நான் திரும்பி வரும்வரை எல்லோரும் அவளுக்குக் கீழ்ப்படிய வேண்டும்."

மரக்குச்சிகளின் சத்தம் நின்றது. ஜெயபாய் எழுந்தாள்.

"அம்மா, பேரு மாறிப் போச்சா?"

"இல்லை."

"கை வேர்க்கவளையா?"

"அவளைத்தான்."

அவ்வளவுதான். ஏன் என்று மிஸ்ஸியம்மா சொல்லவில்லை. வாசலில் மோட்டார் நின்றது, ஏறிப் போய்விட்டாள். சொல்லாமல் விட்ட காரணத்தை மற்றவர்கள் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டார்கள். பூங்கனி திருட்டுத்தனமாகக் கோள் சொல்லியிருப்பாள் என்றார்கள். காய்ச்சலில் மிஸ்ஸியம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள். இரண்டாவது காரணத்தைப் பூங்கனியே நம்பினாள்.

அவள் கணவன் சத்தியராஜ் சந்தையில் ஒரு கொப்பரைக் கடையில் எடை போடுகிறவன். செய்தி அவளுக்கு முன்னாலேயே அவனிடம் வந்து சேர்ந்திருந்தது.

"ஏட்டி, வேண்டாம்ணு பறஞ்சியா?"

"பறையதுக்கு முன்ன மோட்டாரு போயிட்டு."

"நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? அவளுவ ஒன்னைக் கொத்திப் பிடுங்கீருவாளுவ. கடையிலயே ஆளுவ சிரிக்குதாங்க."

அவன் கோபப்படவில்லை, பயந்திருந்தான். அதுதான் அவளை அதிகமாக வாட்டியது. தனக்குத் தோன்றியதே அவனுக்கும் தோன்றுகிறது என்றால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?

மறுநாள் மிஸ்ஸியம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகுப்பலகை உயரமான ஈட்டி மர நாற்காலி. அதில் சாய்ந்தால் கால் தரையில் எட்டாது, கால் எட்டினால் சாய முடியாது. மேசைமேல் ஒரு ஈரத் துணி கிடந்தது. கை துடைத்துக்கொள்ள யாரோ வைத்தது. யார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. துணியை எடுத்து மேசைக்கடியில் வைத்தாள். அடுத்த நாளும் அதே இடத்தில் இன்னொரு ஈரத் துணி கிடந்தது. அதற்கடுத்த நாளும்.

யாரும் அவளோடு பேசவில்லை. அவளைப் பற்றி, அவள் முன்னாலேயே, பேசினார்கள்.

"அவளுக்கு இன்னும் நூலு எடுத்துத் தர மனசு வரல போல."

"வேண்டாம்டி, அவ எடுத்தா கறுத்துப் போவும். நாமளே எடுப்போம்."

வேலையைப் பார்க்கப் பக்கத்தில் போனால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, "தொடாண்டாம், தொடாண்டாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். இதில் முன்னால் நின்றவள் ஏசுவடியாள். புரையிலேயே வயதில் மூத்தவள், கட்டை குட்டையானவள், இரண்டு மகன்களைப் பேச்சிப்பாறைக் காட்டு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தவள். வெற்றிலை மென்ற வாயோடு, "தொட்டியில கெடந்த தவளை மேசையில ஏறினா அதுக்குப் பேரு மிஸ்ஸியம்மாவா?" என்று ஒரு நாள் கேட்டாள். ஓடு அதிரச் சிரித்தார்கள். பூங்கனியும் சிரிப்பதுபோல உதட்டை இழுத்தாள். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

கையைச் சேலை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பழக்கமாயிற்று. மிஸ்ஸியம்மா எப்படி நடப்பாள், எப்படி மணி அடிப்பாள், எப்படித் தொண்டையைச் செருமுவாள் என்று நினைத்து நினைத்து அப்படியே செய்தாள். "பெண்களே, அமைதி" என்று புத்தகத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டாள். அன்று முதல் சந்தையில் அவளைப் பார்க்கிற சின்னப் பெண்கள்கூட "பெண்களே, அமைதி" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் பாயில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பாய் காலியாகும்.

அவளுக்குள் ஒரே எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் வந்து, இவள் இந்த இடத்துக்கு உரியவள் அல்ல, பிழையாக உட்கார்ந்திருக்கிறாள் என்று எல்லோர் முன்னும் சொல்லப்போகிறார். அந்த நாள் வந்துவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னே போய், தொட்டியடியில் தன் பழைய வேலையைச் செய்து வைத்துவிடுவாள். அந்த வேலைக்கு வேறு ஆளைப் போடவில்லை, போடத் தோன்றவுமில்லை. அங்கே குனிந்து அலசுகிற நேரம் மட்டும் மூச்சு ஒழுங்காக வந்தது.

தாங்க முடியாமல் ஒரு நாள் சாவிகளைக் கொண்டு போனாள். மிஷன் கணக்கு வழக்குகளைப் பார்த்த யோவான், வளாகத்தின் மறுகோடியில் ஒரு அறையில் இருந்தார். வெள்ளை வேட்டி, மூடிய கோட்டு, மெல்லிய குரல்.

"அய்யா, எனக்கு இது ஒக்காது. ஜெயபாயிக்குக் குடுத்திருங்க."

யோவான் சாவியைப் பார்த்தார், தொடவில்லை. "ஜெயபாய் ஒண்ணு பறஞ்சா ரெண்டு திருப்பிப் பறைவா. நீ அப்படி இல்ல. நீ அங்க இரி. நான் பறையுததைச் செய்தா போதும்."

அவர் இதை ஆறுதலாகத்தான் சொன்னார். திரும்பி வருகிற வழியில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மிஸ்ஸியம்மாவும் இதற்காகத்தான் தன்னைப் பிடித்திருப்பாளோ? வாய் இல்லாதவள், சொன்னதைச் செய்கிறவள்? அப்படியானால் பிழையாக உட்காரவில்லை. அதைவிடக் கேவலமான காரணத்துக்காக உட்கார வைக்கப்பட்டிருக்கிறாள்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. முப்பத்தொன்றில் உலகமெங்கும் வியாபாரம் படுத்தது. கருங்கலில் கொப்பரை வாங்க ஆள் இல்லை. சீமையில் ரேந்தை வாங்கவும் ஆள் குறைந்தது. யந்திரத்தில் பின்னிய மலிவு லேஸ் வேறு கடைகளில் இறங்கியிருந்தது. யோவான் ஆள் அனுப்பிப் பூங்கனியை அழைத்தார். மேசையில் சில துண்டுகளை விரித்திருந்தார்.

"இது ஏசுவடியாளுக்க வேலை. பூவுக்க நடுவுல ஓட்டை. ஓரம் கோணிக் கெடக்கு. அவளுக்குக் கண்ணு தெரியல்ல. மாசக் கடைசியில அவளை நிறுத்திரு."

"சரி அய்யா" என்றாள் பூங்கனி. நாக்கு பழகிப்போன சொல்.

வெளியே வந்து மாமரத்தடியில் நின்றாள். ஏசுவடியாளுக்குக் கண் மங்கியது அவளுக்குத் தெரியாத செய்தி அல்ல. அலசும்போது அவள் துண்டுகளில் இரண்டு கைகளின் பின்னலைப் பார்த்திருக்கிறாள். பாதிக்குமேல் ஜெயபாயின் கை. மத்தியானம் மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போகிற நேரத்தில் ஜெயபாய் கிழவியின் தலையணையை இழுத்து வைத்துப் பிரித்துப் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதைப் பூங்கனி யாரிடமும் சொன்னதில்லை. இப்போது தன்னைத் தவளை என்று சொன்னவள் தன் கைக்குள் வந்திருக்கிறாள். மாசக் கடைசிவரைகூடக் காத்திருக்க வேண்டாம். நினைத்துப் பார்த்தாள், ஒரு நொடி இனிக்கக்கூடச் செய்தது. பிறகு, தனியாக ஒரு குடிசையில் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற அந்தக் கட்டைகுட்டை உருவம் மனதில் வந்தது, இனிப்பு போய்விட்டது.

தொட்டியடி காலியாகத்தானே இருக்கிறது, அலசவும் கஞ்சி போடவும் கண் எதற்கு, ஊசி குத்துவதைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். அதைச் செய்த விதம்தான் மோசம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் பயத்தில் மிஸ்ஸியம்மாவாகிவிட்டாள். மறுநாள் காலை எல்லோர் முன்னும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "ஏசுவடியாள் நாளை முதல் அலசும் வேலைக்குப் போக வேண்டும்" என்றாள்.

கிழவி தலையணையை இறக்கி வைத்தாள்.

"என்னைய வண்ணாத்தி ஆக்குதியா? நான் முக்காடு பின்னின கையாக்கும் இது. சீமையில ராணி மக்க போட்டிருக்காளுவ. ஒனக்க அழுக்குத் தொட்டியில நான் கையை வைக்கணுமா?"

"அது வந்து..."

"கேட்டியளாட்டி? ஈரக்கைக்காரி பழி தீர்க்குதா!"

ஜெயபாய் எழுந்தாள். அவள் பின்னே ஒரு வரிசை எழுந்தது, பிறகு அடுத்தது. குச்சிகள் தலையணைகளில் தொங்க, முப்பது பேருக்குமேல் வாசல் வழியாக வெளியேறினார்கள். போகிற போக்கில் ஒருத்தி மேசைமேல் இருந்த மணியைத் தள்ளிவிட்டாள். அது உருண்டு நாற்காலிக் காலில் முட்டி நின்றது. நேராக அவர்கள் யோவானின் அறைக்குத்தான் போனார்கள். பூங்கனியைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டாள் என்று ஜெயபாய் சொன்னதாக அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிந்தது.

சத்தியராஜ் அன்று சாப்பிடவில்லை. "கொண்டு குடுத்திரு. நமக்கு மகளைக் கெட்டிக் குடுக்கணும். ஊரைப் பகைச்சிட்டு எங்க போவோம்?" என்றான். நாளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவளும் சொன்னாள்.

மறுநாள் புரையில் அவள் மட்டும்தான். பழக்கதோஷத்தில் தொட்டியில் தண்ணீர் நிறைத்து, மிச்சமிருந்த துண்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. ஜெயபாய். முகம் கடுகடுவென்று இருந்தது.

"யோவான் அய்யா எனக்குத் தாக்கோலு தாறேண்ணு பறஞ்சாரு."

பூங்கனி இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை உருவி நீட்டினாள். "இன்னா. எடுத்துக்க."

ஜெயபாய் வாங்கவில்லை. "சும்மா தரமாட்டாராம். ஏசுவடியாளை நான் நிறுத்தணுமாம். ஒன்கிட்டயும் இதைத்தான் பறஞ்சாராமே?"

"பறஞ்சாரு."

"நீ என்ன பறஞ்ச?"

"சரிண்ணு பறஞ்சேன்."

"பின்ன எதுக்குட்டி அலசதுக்குக் கூப்பிட்ட?"

"வேலைய விட்டுப் போவாண்டாமேண்ணுதான். தொட்டியில கண்ணு வேண்டாம்லியா."

ஜெயபாய் தொட்டியருகே வந்து நின்றாள். பிறகு வெடித்தாள்.

"அதைச் சொல்லப்பிடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா? அத்தனை பேருக்க முன்ன வெள்ளைக்காரிக்க மாதிரி நின்னுட்டு, 'போக வேண்டும்'! கெழவி ராத்திரி பூரா கண்ணீரு விட்டுக் கரஞ்சிட்டுக் கெடந்தா. நீ சொல்லியிருந்தா நாங்க கேட்டிருப்போம்ணு நெனைக்காத. கேட்டிருக்க மாட்டோம். ஆனாலும் சொல்லியிருக்கணும்."

"எனக்கு அந்தக் கசேரயில இருந்தா நாக்கு எழும்பல்ல ஜெயபாய். கள்ளி மாதிரி இருக்கேன். ஆராவது கண்டுபிடிச்சிருவாங்க, கண்டுபிடிச்சிருவாங்கண்ணு..."

"என்னத்தைக் கண்டுபிடிக்கதுக்கு?" ஜெயபாய்க்கு உண்மையிலேயே புரியவில்லை. "ஒனக்குப் பின்னத் தெரியாதுண்ணா? கை வேர்க்கும்ணா? அது கருங்கல் சந்தையில கெடக்க நாய்க்கும் தெரியும். இனி என்ன இருக்கு கண்டுபிடிக்க?"

வாசல் படியில் இறங்கியவள் திரும்பினாள்.

"அவளை நிறுத்திட்டுக் கெடைக்க தாக்கோலு எனக்கு வேண்டாம். அதுக்காக ஒன்னைப் பிடிச்சிருக்குண்ணு அர்த்தமில்ல. எனக்கு ஒன்னைப் பிடிக்காது. இனியும் பிடிக்காது. ஓர்மையில வச்சுக்க."

அவள் போன பிறகு பூங்கனி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்டு காதில் எரிந்தது. எரிச்சலுக்கு அடியில் வேறொன்று மெல்ல மெல்ல வந்தது. சந்தை நாய்க்கும் தெரியும். அது உண்மை. இரண்டு வருஷமாக எதை மறைத்தாள்? சேலை மடிப்புக்குள் எதை ஒளித்தாள்? தெரியாதவர்கள் யாருமே இல்லாத ஒரு ரகசியத்தைக் காவல் காத்திருக்கிறாள். அவளைப் பார்த்து 'நீ பின்னத் தெரியாதவள்' என்று யாராவது சொன்னால் என்ன ஆகும்? 'ஆமாம்' என்று சொல்ல வேண்டியதுதான். அதற்குமேல் அந்தப் பேச்சில் ஒன்றுமில்லை. யோசிக்க யோசிக்க அவளுக்குக் கோபம் வந்தது. பெண்கள்மேல் கொஞ்சம், யோவான்மேல் நிறைய, எல்லாவற்றையும்விட 'சரி அய்யா' என்று சொன்ன தன் நாக்கின்மேல்.

அன்று மத்தியானம் யோவான் நேரில் வந்தார். அவர் பின்னால் மிஷன் வேலைக்காரர்கள் இரண்டு பேர். என்ன நடக்கிறது என்று பார்க்க ஜெயபாயும் மற்றப் பெண்களும் மதிலோரம் வந்து நின்றார்கள். ஏசுவடியாளையும் யாரோ கைபிடித்து அழைத்து வந்திருந்தார்கள். பூங்கனிக்காக வந்தவர்கள் ஒருவருமில்லை.

"ஏசுவடியாளுக்கு இண்ணையோட வேலை தீந்துது. இவளுவ நாளைக்கு வேலைக்கு வரணும். வராதவளுக்கு வேலை இல்ல. நீ அதை இவளுவகிட்டச் சொல்லு" என்றார் யோவான்.

"சொல்லமாட்டேன் அய்யா."

அவர் காது கேட்காதவர்போலத் தலையைச் சாய்த்தார்.

"ஏசுவடியாள் தொட்டியடியில இருப்பா. எனக்கு அங்க ஆளு வேணும். இது நான் எடுத்த முடிவு."

"நீ எடுத்த முடிவா? நீ ஆருட்டி முடிவெடுக்க? கை வேர்த்து ஒரு சாண் ரேந்தை பின்னத் தெரியாத்தவ. மிஸ்ஸியம்மாவுக்குச் சித்தம் கலங்கின நேரத்துல ஒனக்குத் தாக்கோலு கெடைச்சுது. அதை மறந்திராத."

இரண்டு வருஷமாக அவள் நடுங்கிக் காத்திருந்த வார்த்தைகள் இவைதான். எல்லோர் முன்னும், ஒன்று விடாமல், வந்துவிட்டன. பூங்கனியின் உள்ளங்கையிலிருந்து வேர்வை நிஜமாகவே சொட்டியது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா அய்யா. எனக்குப் பின்னத் தெரியாது. இவங்களுக்குத் தெரியும். பின்னுததுக்கு இவங்க இருக்காங்க. நான் பின்னுததுக்கு இல்ல இருக்கது." குரல் முதலில் கீச்சென்று வந்தது, பிறகு நிலைத்தது. "மிஸ்ஸியம்மா சித்தம் கலங்கித் தந்தாளோ, தெளிஞ்சு தந்தாளோ, எனக்குத் தெரியாது. தந்தது என்கிட்ட. வேண்டாம்ணா அவ எழுதட்டும், நான் எறங்குதேன். அதுவரை இந்தப் புரைக்குள்ள ஆரு இருக்கணும், ஆரு போவணும்ணு நான்தான் பறைவேன். நீங்க இல்ல."

யோவானின் கழுத்து சிவந்தது.

"சீமையில இருக்க மிஷன் சங்கத்துக்கு எழுதுவேன்."

"எழுதுங்க."

"ஒனக்க மாப்பிள்ளை சந்தையில நிக்கணும், ஓர்மை இருக்கா?"

"இருக்கு."

யோவான் சுற்றிலும் பார்த்தார். கண் நாற்காலியில் விழுந்தது. "அது மிஸ்ஸியம்மாவுக்க சாமான். இஞ்ச கெடக்காண்டாம். எடுங்கடே" என்றார். வேலைக்காரர்கள் அந்தக் கனத்த நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வளாகத்தின் மறுகோடிக்கு நடந்தார்கள். அவரும் பின்னால் போனார். அந்த அவமானமும் ஊரில் பேச்சாயிற்று. கசேரயைப் பிடுங்கிட்டாங்க என்று சத்தியராஜிடம் கடையில் சொல்லிச் சிரித்தார்கள்.

யோவான் எழுதத்தான் செய்தார். சங்கத்திலிருந்து பதில் வரப் பல மாதமாயிற்று. வந்த பதிலில், இப்போதைக்கு இருக்கிறபடியே இருக்கட்டும் என்றிருந்தது. அதற்குள் புரை திறந்து வேலை நடந்துகொண்டிருந்தது.

பெண்கள் திரும்பி வந்தார்கள். நன்றி சொல்ல அல்ல. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஜெயபாய் பூங்கனியின் முகத்துக்கு நேரே வந்து, "நீ தந்த நூலு மட்டம். முடிச்சு முடிச்சா கெடக்கு. மாத்தித் தா" என்றாள். பூங்கனி நூலை நகத்தால் நெருடிப் பார்த்தாள். "முடிச்சு இல்ல. நீ சுத்தினது சரியில்ல. பிரிச்சுச் சுத்து" என்றாள். இருவரும் நாள் முழுக்க அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஆனால் அந்தச் சண்டை முழுக்க 'நீ, நீ' என்றே நடந்தது. புரையில் அவளை 'அவ' என்று சுவரிடம் சொல்வது அன்றோடு குறைந்தது. மேசையில் ஈரத் துணி ஒருநாள் வைத்தார்கள். பூங்கனி எல்லோரும் பார்க்க அதில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, உலர்ந்த துணி இருந்தால் இன்னும் நல்லது என்றாள். பிறகு யாரும் வைக்கவில்லை. நாற்காலி இல்லாததால் அவள் ஒரு முக்காலியை இழுத்து வந்து வரிசைகளுக்கு நடுவே போட்டுக்கொண்டாள். அங்கிருந்து எல்லோருடைய பேச்சும் கேட்டது. தன்னைப் பற்றிய பேச்சும் கேட்டது. பதில் சொல்ல வேண்டியதற்குச் சொன்னாள், மற்றதை விட்டாள்.

ஏசுவடியாள் மட்டும் இரண்டு வாரம் வரவில்லை. பட்டினி கிடந்து பார்த்துவிட்டு ஒரு காலையில் வந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் தடவித் தடவித் தொட்டியடிக்குப் போய்க் கையைத் தண்ணீரில் விட்டாள்.

"வெள்ளம் தணுப்பா இருந்தா கொஞ்சம் சூடு வச்சுத் தாறேன்" என்றாள் பூங்கனி.

"நீ எனக்கு உபகாரம் செய்யாண்டாம். தள்ளி நில்லு."

கிழவி கடைசிவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தொட்டியடியிலிருந்து வசவு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. கஞ்சி மட்டும் அவள் கையில் பூங்கனியின் கையைவிடப் பதமாக விழுந்தது. அதைப் பூங்கனி எல்லோர் முன்னும் சொன்னாள். "ஆரும் கேக்கல்ல" என்றாள் ஏசுவடியாள்.

பழைய பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. புதிய ஆள் யாராவது வளாகத்துக்குள் வந்தால் பூங்கனியின் கை சேலை மடிப்பைத் தேடும். பிறகு வெளியே எடுத்துக்கொள்வாள். அவளைத் தேர்ந்த காரணம் அவளுக்குத் தெரியவே இல்லை. மிஸ்ஸியம்மா திரும்பி வரவில்லை. முப்பத்திரண்டில் சீமையிலேயே இறந்துபோனாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவித்தார்கள். அடுத்து வந்த இளம் வெள்ளைக்காரி முதல் நாளே ஜெயபாய் மேசையைத் தட்டிக் கத்துவதைப் பார்த்து மிரண்டு, இந்தப் பெண்ணை நிறுத்திவிடலாமா என்று தனியாகக் கேட்டாள். "வேண்டாம் அம்மா. அவ பறையுதது சரி. நான்தான் அளவைப் பிழையாப் பறஞ்சேன்" என்றாள் பூங்கனி. ஜெயபாய்க்கு இது யார் மூலமோ தெரிய வந்தது. அதற்காக அவள் குரல் தணியவில்லை.

முப்பத்தாறு ஐப்பசி மழையில் ஏசுவடியாள் செத்தாள். பேச்சிப்பாறையிலிருந்து மகன்கள் வந்திருந்தார்கள். பூங்கனி போனபோது முற்றத்தில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூத்த மகன் அவளை அடையாளம் கண்டு, "எனக்க அம்மையைத் தொட்டி கழுவ வச்சவ" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சத்தமாகவே சொன்னான். ஜெயபாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் பூங்கனியை இருக்கச் சொல்லவில்லை. அவள் பாயின் ஓரத்தை இழுத்துவிட்டு அந்தப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, சவப்பெட்டி எடுக்கிறவரை இருந்தாள்.

மறுநாள் காலை புரை வழக்கம்போலத் திறந்தது. தொட்டியடிக்குப் புதிதாக ஒருத்தியைப் போட வேண்டியிருந்தது. யாரைப் போடுவது என்று ஜெயபாயும் பூங்கனியும் மத்தியானம்வரை சண்டை போட்டார்கள்.